ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம்

ஆகஸ்ட் 3

வாத்துக்கு,

நலம் விசாரிக்கும் மனநிலையில் நான் இல்லை. நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

நேற்று மத்தியானம் கடைக்கு ஒரு பார்சல் வந்தது. ஒரு காரின் பின் சீட்டுக்கு உறை மாட்டிக்கொண்டிருந்தேன், இரண்டு கையிலும் பசை. அப்படியே பிரித்தேன். உள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு கூடாரம். அதோடு உன் கையெழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு: "அண்ணி, இந்த வருஷத்துலேர்ந்து இதுதான். பழையது வேண்டாம்."

யாரைக் கேட்டு முடிவு செய்தாய்?

ஒன்பது வருடமாக, செப்டம்பர் வந்தால் நீயும் நானும் ஐந்து நாள் ஆற்றில் கயாக் ஓட்டுகிறோம். ஒரே படகு, முன் இருக்கை உனக்கு, பின் இருக்கை எனக்கு. முதல் வருடம் நீ கவிழ்ந்து, தலையை மட்டும் தண்ணீருக்கு மேலே நீட்டிக்கொண்டு கத்தியதிலிருந்துதான் உனக்கு இந்தப் பெயரே வந்தது. ஒன்பது வருடமும் நாம் தூங்கியது நான் தைத்த கூடாரத்தில். அண்ணியும் நாத்தனாரும் ஒரே கூடாரத்தில் ஐந்து நாள் இருந்துவிட்டு சிரித்த முகத்தோடு வீடு திரும்புகிறார்கள் என்றால் நம் சொந்தக்காரர்கள் இன்றைக்கும் நம்புவதில்லை. அந்தக் கூடாரத்தை இரண்டு மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட விடாமல் உட்கார்ந்து தைத்தேன். ஊசி போன ஓட்டை ஒவ்வொன்றிலும் மெழுகு தேய்த்தேன். ஒரு சொட்டாவது ஒழுகியிருக்கிறதா? மனசாட்சியைத் தொட்டுச் சொல்.

உன் கூடாரத்தை நூல் எடை போடும் தராசில் வைத்தேன். ஒரு கிலோ நூற்று நாற்பது கிராம். துணி வெங்காயச் சருகு மாதிரி இருக்கிறது. இருவர் படுக்கலாம் என்று பையில் அச்சடித்திருக்கிறார்கள், எந்த இருவர் என்று எழுதவில்லை. உன் உடம்புக்கு இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம். என் உடம்புக்கு நான் ஒருத்தியே கதவைத் திறந்து வைத்துக்கொண்டுதான் படுக்க வேண்டும்.

அதுகூடப் போகட்டும். கடைக்குப் பின்னால் தொங்கும் படகை இறக்கி, வால் பக்கம் சாமான் வைக்கும் ஓட்டையில் இதை விட்டுப் பார்த்தேன். அந்த ஓட்டை சாப்பாட்டுத் தட்டளவுதான் இருக்கும் என்பது உனக்கு மறந்துபோயிற்றா? பை பாதி போனது. உள்ளே இருக்கும் கம்பிகள் படகின் அடியில் முட்டிக்கொண்டு, போகவும் இல்லை, வரவும் இல்லை. எண்ணெய் தடவி இழுத்தேன். இன்னொன்று, இது முளை அடித்தால்தான் நிற்கும். நாம் தங்குவதோ மணல் திட்டு. மணலில் முளை நிற்குமா? ஒன்பது தடவை ஆற்றுக்குப் போனவளுக்கு இதையெல்லாம் நான் உட்கார்ந்து எழுத வேண்டியிருக்கிறது. எக்ஸ்ரே அறை இருட்டிலேயே இருந்து உன் மூளையும் இருட்டாகிவிட்டது போல.

போன் பண்ணாதே, எடுக்க மாட்டேன். உன் அண்ணனிடம் சொல்லி அனுப்பவும் வேண்டாம். அவர் நீ சொன்னதில் பாதியையும் நான் சொன்னதில் பாதியையும் கலந்து, மூன்றாவதாக ஒன்றைச் சொல்வார். எழுது.

அண்ணி


ஆகஸ்ட் 8

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தை வேலைக்கு நடுவில், எக்ஸ்ரே கதிர் படாமல் போடும் ஈய அங்கியைக் கழற்றாமல் நின்றபடியே படித்தேன். அந்த அங்கி நாலரை கிலோ. உங்கள் பழைய கூடாரம் அதைவிட ஒரு கிலோ அதிகம்.

முதலில் ஓட்டை. பையோடு ஏன் திணித்தீர்கள்? பை கடையில் மாட்டிவைப்பதற்கு. கம்பிகளைத் தனியே எடுத்து ஒவ்வொன்றாகச் சரித்து விட்டால் வழுக்கிக்கொண்டு போகும். துணியைச் சுருட்டாமல் சந்துபொந்தில் எல்லாம் திணிக்கலாம். நான் யோசிக்காமல் வாங்கினேன் என்று நினைக்கிறீர்களா? புது ஊருக்கு வந்து ஐந்து மாதத்தில் எனக்கு நன்றாகப் பழக்கமான ஒரே ஆள் இங்கே இருக்கும் கயாக் கடைக்காரர்தான். நம் படகு மாதிரியே ஒரு படகைக் கீழே இறக்கச் சொல்லி, அதே அளவு ஓட்டையில் நாலு கூடாரத்தை விட்டுப் பார்த்தேன். ஒன்று இன்னும் இலேசு, ஆனால் ஒற்றை அடுக்கு, காலையில் மூச்சுக்காற்று வியர்த்து மூக்கில் சொட்டும். ஒன்றின் தரை வழியாக என் உள்ளங்கை ரேகை தெரிந்தது. மூன்றாவது முளை இல்லாமல் தானாக நிற்கும், ஆனால் இரண்டரை கிலோ. மிச்சம் இருந்தது இதுதான். கடைக்காரர் கடைசியில், "யாருக்குங்க இவ்வளவு பாக்குறீங்க?" என்றே கேட்டுவிட்டார்.

மணலுக்கும் வழி இருக்கிறது. சின்னத் துணிப்பையில் மணலை நிரப்பி, கயிற்றைக் கட்டி, முழ ஆழத்தில் புதைத்துவிட்டால் காற்றுக்கு அசையாது. ஊரில் உள்ள காருக்கெல்லாம் சட்டை தைக்கிறவருக்கு நாலு பை தைக்க எவ்வளவு நேரமாகும்?

உங்கள் கூடாரம் ஒழுகவில்லை, ஒப்புக்கொள்கிறேன். பெய்த மழையை எல்லாம் அதுவே குடித்துவிடும். நனைந்தால் எட்டு கிலோ. தடுப்பணை வந்ததும் என்ன நடக்கும் என்று நான் நினைவுபடுத்தட்டுமா? படகைப் புல் சரிவில் கயிறு கட்டி இறக்கிவிடுகிறோம். சாமானை நாம்தான் தொண்ணூறு படி சுமந்து இறக்க வேண்டும். போன வருடம் நீங்கள் கூடாரத்தை என் கையில் தரவே இல்லை. ஈரத்தோடு தோளில் போட்டுக்கொண்டீர்கள். நாலு இடத்தில் நின்றீர்கள். ஒவ்வொரு தடவையும் குனிந்து, "லேஸ் அவுந்துபோச்சு, நீ போ" என்றீர்கள்.

அண்ணி, உங்கள் காலில் இருந்தது ரப்பர் செருப்பு.

இலேசான கூடாரம் வேண்டும் என்று தோன்றியது, வாங்கினேன், அனுப்பினேன். அதற்கு மேல் காரணம் கேட்காதீர்கள். உங்களுக்கு மட்டும்தான் கோபம் வரும் என்று எங்கேயும் எழுதிவைக்கவில்லை.

வாத்து


ஆகஸ்ட் 12

வாத்துக்கு,

மற்றவர்கள் ஆற்றையும் ஆகாயத்தையும் பார்ப்பார்கள், நீ என் காலில் இருக்கும் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்திருக்கிறாய். நல்லது.

உன் கூடாரத்தைச் சோதித்துவிட்டேன். கடை நடுவில் விரித்து, நாலு மூலையையும் நாலு ஃபோம் மூட்டையில் கட்டி நிறுத்தினேன். சோபா உறை வாங்க வந்த அம்மா கூடாரத்துக்குள் குனிந்து என்னைக் கூப்பிட்டார், நான் உள்ளேதான் இருந்தேன். கண்ணாடி வைத்துத் தையலை எண்ணினேன். இஞ்சுக்குப் பத்து, மேலே ஒட்டுப்பட்டை. பிறகு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். ஒழுகவில்லை. தையல் நன்றாகவே இருக்கிறது. இதை எழுத எனக்கு எவ்வளவு எரிகிறது என்று உனக்குத் தெரியாது. கம்பியும் நீ சொன்னபடி தனியாகப் போனது.

ஆனால் இந்தக் கடிதம் கம்பியைப் பற்றி அல்ல.

முந்தாநாள் சாப்பிடும்போது உன் அண்ணன் வாயை விட்டுவிட்டார். "நீ மாடிப்படி எப்படி ஏறுறேன்னு வாத்து கேட்டா. கைப்பிடியைப் பிடிச்சா, பிடிக்காமலான்னு கேட்டா. என்ன விஷயம்?" என்கிறார். நான் ஒன்றுமில்லை என்று தட்டைக் கழுவப் போய்விட்டேன். கை மட்டும் கழுவிக்கொண்டிருந்தது. என் முழங்காலைப் பற்றி என் முதுகுக்குப் பின்னால் விசாரணை நடத்துகிறாயா? என்னிடம் கேட்க உனக்கு வாய் இல்லையா?

பிப்ரவரியில், நீ இந்த ஊர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது, வலி என்று சொன்னதும் நீதானே என்னை வரச் சொல்லி, உன் கையாலேயே மேஜையில் படுக்கவைத்துப் படம் எடுத்தாய். படம் எடுக்கும் வரை நீ வாய் ஓயவில்லை. மெஷின் குளிர்கிறதா என்றாய், என் கால் நகத்துக்கு மருதாணி எதற்கு என்று கிண்டல் செய்தாய். இரண்டாவது படத்துக்குப் பிறகு அந்த அறையில் நீ பேசவே இல்லை. என் செருப்பை நீயே எடுத்து வந்து காலடியில் வைத்தாய். பிறந்ததிலிருந்து யார் செருப்பையும் எடுத்தவள் இல்லை நீ. வாசல் வரை வந்து டீ வாங்கிக் கொடுத்தாய், உன் டீயை நீ குடிக்கவில்லை. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

என்னவோ பார்த்திருக்கிறாய். பார்த்ததைச் சொல்லாமல், ஆறு மாதம் கழித்து எனக்கு ஒரு கூடாரத்தை அனுப்பி, அதற்கு மேல் காரணம் கேட்காதே என்று உத்தரவு போடுகிறாய். நான் என்ன சின்னக் குழந்தையா, பொம்மையைக் கையில் கொடுத்து ஊசி போடுவதற்கு?

என்ன பார்த்தாய்? எழுது. எழுதாவிட்டால் செப்டம்பரில் நான் வரவில்லை. அங்கேயே யாராவது ஒல்லியான ஆளாகப் பார்த்துக் கூட்டிக்கொண்டு போ. பின் இருக்கையிலிருந்து படகைத் திருப்பத் தெரியுமா என்று மட்டும் கேட்டுக்கொள்.

அண்ணி


ஆகஸ்ட் 16

அண்ணிக்கு,

எழுத மாட்டேன்.

படம் எடுப்பவர் படம் எடுக்க வேண்டும், அதைப் படித்துச் சொல்வது டாக்டரின் வேலை. இது என் பிடிவாதம் இல்லை, எங்கள் வேலையின் முதல் விதி. என்னோடு வேலை பார்த்தவர் ஒருவர், மகளின் படத்தைப் பார்த்துப் பதறிய ஒரு தகப்பனிடம், "ஒண்ணும் இல்லைங்க, தைரியமா போங்க" என்று சொல்லிவிட்டார். ஒன்று இருந்தது. அந்தத் தகப்பன் மூன்று மாதம் தைரியமாக இருந்துவிட்டார். அதற்குப் பிறகு அந்தக் குழந்தையைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அறை வாசலில் நின்றது நான். அன்றிலிருந்து யார் கேட்டாலும் எனக்கு நாக்கு எழாது. ஒரு நாளைக்கு நாற்பது பேர் என் முகத்தைப் பார்க்கிறார்கள், நான் சுவரைப் பார்க்கிறேன்.

நீங்கள் கேட்டால் மட்டும் எழுமா? நீங்கள் என்பதால்தான் இன்னும் எழவில்லை.

அன்றைக்கு வாசலில் மூன்று தடவை சொன்னேன், ரிப்போர்ட்டை வாங்கி டாக்டரைப் பாருங்கள் என்று. நீங்கள், "பாக்கலாம் பாக்கலாம், ஸ்கூல் பஸ் சீட்டு ஆர்டர் முடியட்டும்" என்றீர்கள். அடுத்த மாதம் எனக்கு இந்த ஊருக்கு மாற்றல் வந்துவிட்டது. இங்கிருந்து பதினோரு தடவை போன் செய்து கேட்டேன். ஸ்கூல் பஸ் முடிந்து ஆம்புலன்ஸ் சீட்டு வந்தது, ஆம்புலன்ஸ் முடிந்து கல்யாண மண்டபத்து நாற்காலி வந்தது. ஊரில் உட்காருகிற எல்லோருக்கும் மெத்தை தைக்க உங்களுக்கு நேரம் இருந்தது. அந்த ரிப்போர்ட் கவர் ஆஸ்பத்திரி கவுண்டரிலேயே கிடக்கிறது என்று நினைத்தாலே எனக்கு வயிறு எரிகிறது. நீங்கள் என்னைப் பார்த்து வாய் இல்லையா என்று கேட்கிறீர்கள்.

நான் என்ன செய்யட்டும்? உங்கள் எலும்பைப் பற்றி ஒரு வார்த்தை நான் பேசக் கூடாது. கூடாரத்தின் எடையைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசலாம். அதனால் அதைப் பேசினேன். கடைத் தராசில் ஒவ்வொரு கூடாரமாக வைத்தபோது, தொண்ணூறு படியில் நீங்கள் குனிந்து நின்ற நாலு இடமும்தான் எனக்கு ஞாபகம் வந்தது. நீங்கள் என்னடாவென்றால் என் மூளை இருட்டாகிவிட்டது என்று எழுதுகிறீர்கள். அந்த வரியைப் படித்துவிட்டு அறையைப் பூட்டிக்கொண்டு அழுதேன். அப்போது ஒரு நோயாளி கதவைத் தட்டினார், முகத்தைத் துடைத்துக்கொண்டு அவருடைய தோள்பட்டையைப் படம் எடுத்தேன்.

நீங்கள் வராவிட்டால் நானும் போகவில்லை. ஒல்லியான ஆள் எனக்கு வேண்டாம். படகு அங்கேயே தொங்கட்டும், எலிகள் குடும்பம் நடத்தட்டும்.

முதலில் அந்தக் கவரை வாங்குங்கள்.

வாத்து


ஆகஸ்ட் 21

வாத்துக்கு,

கவர் கவுண்டரில் இல்லை. மார்ச் முதல் வாரத்திலிருந்து என் கத்தரிக்கோல் டிராயரில் இருக்கிறது.

நீ மாற்றலாகிப் போன மறுநாளே வாங்கிவிட்டேன். டாக்டரையும் பார்த்தேன். அவர் படத்தை விளக்குப் பெட்டியில் மாட்டி, பேனா நுனியால் காட்டினார். "இங்க ஒரு இடைவெளி இருக்கணும்மா. உங்களுக்கு இல்லை. ரெண்டு எலும்பும் உரசுது" என்றார். முப்பது வருடம் மெஷின் மிதித்த கால். படி குறைக்க வேண்டும், சுமை தூக்கக் கூடாது என்று எழுதிக் கொடுத்தார். அந்தக் காகிதத்தைப் பெரிய கத்தரிக்கோலுக்கு அடியில் வைத்தேன். அந்த டிராயரை என்னைத் தவிர யாரும் திறக்க மாட்டார்கள்.

நீ பதினோரு தடவை கேட்டாய், பதினோரு தடவையும் நான் பொய் சொன்னேன். தெரிந்தால் உன் அண்ணன் முதல் வேலையாகப் படகை விற்றுவிடுவார். நீ சண்டை போட மாட்டாய், பாவம் பார்த்து என் கையிலிருந்து ஒவ்வொரு பையாக வாங்கிக்கொள்வாய். அதைத்தான் என்னால் தாங்க முடியாது. பார்சலைப் பிரித்து எடை போட்ட அந்த நிமிடமே எனக்குப் புரிந்துவிட்டது, உனக்குத் தெரியும் என்று. அந்தக் கோபத்தில்தான் ஓட்டை, முளை, மணல் என்று வாய்க்கு வந்ததை எழுதினேன். மூளையைப் பற்றி எழுதியதைக் கிழித்துப் போட்டுவிடு.

பிறகு, என்ன பார்த்தாய் என்று ஏன் கேட்டேன் தெரியுமா? நீ ஒருவேளை, டாக்டர் பெரிதுபடுத்துகிறார், அவ்வளவு மோசம் இல்லை என்று எழுதிவிட மாட்டாயா என்ற நப்பாசை. அந்தத் தகப்பனைப் போல எனக்கும் மூன்று மாதம் தைரியம் வேண்டியிருந்தது. நீ எழுதவில்லை. உன் மேல் கொஞ்சம் கோபம் இருக்கிறது, எழுதாமல் இருந்ததற்கு உன்னை மெச்சவும் தோன்றுகிறது. இரண்டையும் ஒரே கடிதத்தில் எழுதுவது கஷ்டமாக இருக்கிறது.

திங்கட்கிழமை பழைய கூடாரத்தை மேஜையில் விரித்தேன். அரை மணி நேரம் கத்தரிக்கோலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்புறம் கதவை வெட்டினேன். கதவு போனால் மீதி எதற்கு என்று ஒரு பக்கச் சுவரையும் வெட்டினேன். ஆறு மணல் பைகள் தைத்திருக்கிறேன், வாய்க்குக் கயிறு போட்டு, அடியில் இரட்டைத் தையல். காலியாக எல்லாம் சேர்ந்து நூற்றெண்பது கிராம். உன் வெங்காயச் சருகைப் பிடித்து நிறுத்தப்போவது என் கேன்வாஸ்தான் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்.

கூடாரத்தையும் பிரித்து எடை போட்டேன். துணி எழுநூற்றிருபது கிராம், அது உனக்கு. கம்பி நானூற்றிருபது, அது எனக்கு. நானூற்றிருபது கிராமைச் சுமை என்று எந்த டாக்டரும் சொல்ல முடியாது.

ஆனால் ஒன்று. ஆற்றைப் பற்றி நான் டாக்டரிடம் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாரே என்ற பயம். அந்தப் பின் இருக்கை எனக்கு என்ன என்று உனக்குத் தெரியும். வருடம் முழுக்க மற்றவர்கள் உட்காருவதற்குத் தைக்கிறேன், ஐந்து நாள்தான் எனக்கென்று ஒரு இடத்தில் உட்காருகிறேன். படம் எடுப்பவளிடம் கேட்கவில்லை. என் நாத்தனாரிடம் கேட்கிறேன். நான் வரலாமா, கூடாதா? முகத்தைச் சுவர் பக்கம் திருப்பாமல் சொல்.

அண்ணி


ஆகஸ்ட் 25

அண்ணிக்கு,

ஈய அங்கியை ஆஸ்பத்திரியிலேயே கழற்றி மாட்டிவிட்டு, வீட்டுக்கு வந்து என் மேஜையில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ஆறு மாதம் டிராயரில் வைத்திருந்தீர்கள். நான் இங்கே தராசும் கையுமாக அலைந்திருக்கிறேன். உங்களை என்ன செய்தால் தகும் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை, படகில் ஏறியதும் முதல் நாள் முழுக்க அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன். முன் இருக்கையில் இருப்பதால் என் முகம் உங்களுக்குத் தெரியாது, அதனால் சத்தமாகவே பேசுவேன்.

இங்கே எலும்பு டாக்டர் ஒருவரிடம், பெயர் சொல்லாமல் உங்களைப் பற்றிக் கேட்டேன். உட்கார்ந்து துடுப்புப் போடலாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை கரையேறிக் காலை நீட்ட வேண்டும். படியில் கைத்தடியோடு, ஒவ்வொரு படியாக, சுமை இல்லாமல் இறங்க வேண்டும். சுமை இல்லாமல் என்றால் நானூற்றிருபது கிராமும் இல்லாமல். கம்பியும் எனக்குத்தான். அண்ணனிடம் நீங்களே சொல்லுங்கள், இந்தக் கடிதம் வந்த அன்றைக்கே. படகை விற்பேன் என்றால், அதில் பாதி என்னுடையது என்று சொல்லுங்கள்.

தேய்ந்தது கால், அண்ணி. துடுப்புப் போடுவது கை. பின் இருக்கை உங்களுடையது, வாருங்கள்.

வரும்போது லேஸ் வைத்த ஷூ ஒன்று வாங்கிப் போட்டுக்கொண்டு வாருங்கள். நானும் ஒன்று வாங்கிவிட்டேன். தொண்ணூறு படியில் நீங்கள் எங்கெங்கே நிற்கிறீர்களோ, அங்கெல்லாம் என்னுடைய லேஸும் அவிழும்.

வாத்து